கதவுமணிக்கு இடமில்லை

காலை பதினொன்றரைக்குள் கதவுமணி எந்தப் பிரிவு என்று லோரெட்டா பிங்கம் முடிவு செய்தாக வேண்டும். கம்பெனியின் காலாண்டு அறிக்கை பகல் ஒரு மணிக்கு வெளியாகும். நியூயார்க்கில் பங்குச் சந்தை மூடுகிற நேரம், கம்பெனி இருக்கும் சியாட்டலில் அதுதான். பதினாறு வருஷமாக அந்த அறிக்கையை எழுதுகிறவள் அவள். ஒருமுறைகூடத் தாமதமானதில்லை.

கம்பெனிக்கு மூன்று பிரிவுகள்: கருவிகள், கிளவுட் என்கிற இணையச் சேமிப்பு, சந்தா. எதிலும் ஒட்டாதவை கடைசி வரியில் 'மற்றவை' என்ற பெயரில் கிடக்கும். இரண்டு மாதத்துக்கு முன்பு, பேசும் கதவுமணி செய்கிற சின்னக் கம்பெனி ஒன்றை முப்பத்தெட்டு ஆட்களோடு விலைக்கு வாங்கினார்கள். வாங்கினவர்கள் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டதோடு சரி. அது எங்கே சேரும் என்று யாரும் சொல்லவில்லை.

சுவரில் திருகி மாட்டுகிற சாமான் கருவிதானே என்று லோரெட்டா அதைக் கருவிகளில் போட்டாள். வரைவு போன ஐந்தாவது நிமிஷம், கருவிகள் பிரிவின் தலைவன் கிரெய்க் போனில் வந்தான்.

"லோரெட்டா, உனக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்?"

"கதவுமணி கருவிதானே, கிரெய்க்?"

"யாரு சொன்னா? அது நஷ்டம். என் பிரிவோட லாபத்தைப் பாத்துத்தான் எனக்கு போனஸ். எடு அதை."

"சுவத்துல திருகி மாட்டறாங்களே."

"முகம் பாக்கற கண்ணாடியைக்கூடத்தான் மாட்டறாங்க. அதுக்கு நான் பொறுப்பா?"

எடுத்தாள். கதவுமணி, வாசலில் வந்து நிற்பவர்களைப் படம் பிடித்து கிளவுடில் சேர்த்து வைக்கிறது. ஆகவே கிளவுட். அந்தப் பிரிவின் தலைவி டெனீஸ் கையில் காபியோடு நேரிலேயே வந்துவிட்டாள். வழக்கத்துக்கு விரோதமாக இனிமையாகப் பேசினாள்.

"வரவை நான் எடுத்துக்கறேன். நஷ்டம் எனக்கு வேண்டாம்."

"ரெண்டும் ஒரே சாமான், டெனீஸ்."

"அதுக்கென்ன? வரவு என்கிட்ட, செலவு கிரெய்க்கிட்ட. திருப்புளி அவன்கிட்டதானே இருக்கு."

இதற்குள் தலை சுற்ற ஆரம்பித்திருந்த லோரெட்டா அப்படியே பிரித்துப் போட்டாள். கிரெய்க் இந்த முறை போன் செய்யவில்லை. வக்கீலை விட்டு மின்னஞ்சல் அனுப்பினான். சந்தா பிரிவிலிருந்து, யாரும் கேட்காமலேயே, 'எங்களுக்கும் வேண்டாம்' என்று ஒரு வரி வந்தது. வேண்டாத பெண்டாட்டி கை பட்டாலும் குற்றம், கால் பட்டாலும் குற்றம் என்கிற கதையாகிவிட்டது. பத்தேமுக்காலுக்கு அதைத் தூக்கி 'மற்றவை'யில் போட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

பெருமூச்சு முடிவதற்குள் வாசலில் ஓர் ஆள் அட்டைப்பெட்டியோடு நின்றான். கதவுமணிக் குழுவின் தலைவன் நார்ம். அவன் மேசையில் இருந்த சாமான் பூராவும் அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

"எங்களை மற்றவைல போட்டுட்டீங்களாமே."

"அது வெறும் தலைப்பு, நார்ம்."

"போன வருஷம் மற்றவைல ஆறு குழு இருந்துச்சு. அதுல ஒண்ணு இப்ப எங்க இருக்குன்னு சொல்லுங்க பாப்போம்."

லோரெட்டா யோசித்துப் பார்த்தாள். ஆறையும் மூடியாகிவிட்டது.

"முப்பத்தெட்டு பேரும் பெட்டி கட்டிட்டிருக்காங்க" என்றான் நார்ம். "ஒருத்தன் மனைவிக்கு அடுத்த வாரம் பிரசவம். வேலை போனா ஆஸ்பத்திரி இன்சூரன்சும் போயிடும்."

"கட்ட வேண்டாம்னு சொல்லுங்க."

"சொல்றேன். எந்தப் பிரிவுன்னு கேட்டா?"

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மூலையில் உட்கார்ந்து டோனட் தின்றுகொண்டிருந்த ஸ்டூவர்ட் அப்போதுதான் வாயைத் திறந்தான். அறிக்கை சரிதானா என்று பார்க்க வெளியிலிருந்து வந்திருக்கும் தணிக்கையாளன்.

"மூணு தடவை மாத்திட்டீங்க. இதுல உங்க இஷ்டமும் கிடையாது, அவங்க இஷ்டமும் கிடையாது. கம்பெனியை நடத்தற பெரியவர் அதை எப்படிப் பிரிச்சுப் பாத்து முடிவெடுக்கறாரோ, அப்படியே எழுதணும். அதான் விதி. அவர் கதவுமணியை எங்க வெச்சுப் பாக்கறார்?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"பதினாறு வருஷமா எதைப் பாத்து எழுதறீங்க?"

"போன தடவை எழுதினதைப் பாத்து."

ஸ்டூவர்ட் டோனட்டைக் கீழே வைத்தான். "போய் அவரையே கேட்டுட்டு வாங்க. இல்லேன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் லோரெட்டா நான்கு மாடியும் படியேறினாள். நார்ம் பெட்டியை இறக்கி வைக்கத் தோன்றாமல் பின்னாலேயே ஏறினான். பெரியவரின் அறைக்கு வெளியே காரியதரிசி பெர்னடெட் உட்கார்ந்திருந்தாள். மணி பதினொன்று இருபது.

"அவரை ஒரு நிமிஷம் பாக்கணும்" என்றாள் லோரெட்டா, மூச்சு வாங்க. "கதவுமணியை அவர் எந்தப் பிரிவா பாக்கறாருன்னு தெரியணும். அவர் பாக்கறபடிதான் நாங்க எழுதணுமாம்."

பெர்னடெட் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க எழுதறதைத்தானேம்மா அவர் பாக்கறார்? போன வருஷம்கூட ஆறு குழு மற்றவைல கிடந்ததைப் படிச்சுட்டு, 'இதெல்லாம் வேண்டாம்னு கீழ முடிவு பண்ணிட்டாங்க போல'ன்னு சொல்லித்தான் மூடச் சொன்னார்."