ஹெலன் கேபிள் தேடு படலம்

வாழி ஹெலன்! காக்களூர்த் தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கு ஒயர் கட்டும் கம்பெனியின் தரச்சோதனை மேசைக்கு அரசியே! நாளெல்லாம் ஆயிரம் ஒயர்களின் நாடி பிடித்து, உயிருள்ளது இது, உயிரற்றது இது என்று பிரித்தெறியும் பச்சை விளக்குக் கருவியைச் செங்கோலாய் ஏந்தியவளே! தங்கை மெர்சியின் திருமண வரவேற்பு மாலையில், மாம்பழ நிறப் பட்டுடுத்தி, மல்லிகை சூடி, கையில் போனும் கண்ணில் நெருப்புமாய் நீ நடத்திய பெரும்போரைச் சொல்லப் புகுந்தோம். சொல்லி முடிக்கும்வரை கேட்பவர் போன்களில் சார்ஜ் குறையாதிருக்கட்டும்!

போர் மூண்ட காரணம் இது. மெர்சியும் அதே கம்பெனிதான். கல்யாணத்தோடு வேலையை விட்டுவிட்டு, மாப்பிள்ளையின் ஊரான கும்மிடிப்பூண்டிக்குப் போகிறாள். அவளோடு ஒரே லைனில் நின்று வேலை பார்த்த பத்துப் பெண்கள் அவளுக்காகப் பாட்டுக் கட்டிப் பாடியதை ஹெலன் ஒரு மாதமாகத் தன் போனில் எடுத்து, வெட்டி, ஒட்டி, ஒரே படமாக்கியிருந்தாள். கம்பெனி வாசலிலேயே போனின் கேமராக் கண்ணுக்கு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள் என்பதால், படப்பிடிப்பு முழுவதும் ஓடுகிற கம்பெனி பஸ்ஸில்தான் நடந்தது. அந்தப் படம் மண்டபத்தின் எல்.இ.டி. திரையில், ஆளுயரத்துக்கு இரண்டு மடங்காய் ஓடும் என்று பத்துப் பேருக்கும் அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். பத்துப் பேருக்கும் அன்று நைட் ஷிஃப்ட். ஏழு மணிக்கு பஸ் மண்டப வாசலுக்கே வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். அதற்குள் படம் ஓடாவிட்டால், அவர்கள் முகத்தை அவர்களைத் தவிர ஊரே பார்க்கும்.

மணி ஆறரை. படம் போனுக்குள் இருக்கிறது. திரைக்கோ லேப்டாப் வழியாகத்தான் போக வேண்டும். நெட்டில் அனுப்பலாமென்றால், ஷிஃப்ட் மாறும் வேளையில் தொழிற்பேட்டையே போனும் கையுமாக ஒற்றை டவரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறது. எனவே போருக்குப் போக ஒரே வழி, கேபிள்.

ஹெலன் தன் கைப்பையிலிருந்து முதல் வீரனை உருவினாள். திருவள்ளூர் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய வெள்ளை ஒயர் அது. மெலிந்த மேனியன், வளைந்த கழுத்தன், இரவுதோறும் அவள் தலைமாட்டில் விழித்திருந்து போனுக்கு அமுதூட்டிய அன்பன். ஒரு முனையைப் போனிலும் மறுமுனையைத் திரையை ஓட்டும் மோகன்ராஜின் லேப்டாப்பிலும் செருகினாள். போன் சிணுங்கியது. லேப்டாப் கல்லாய்ச் சமைந்திருந்தது.

"சார்ஜ் ஏறுதுக்கா. போன்தான் உள்ள வரல" என்றான் மோகன்ராஜ்.

மாப்பிள்ளையின் தம்பி பென்னி அருகிலேயே நின்றான். ஜிகினா சட்டை, அதைவிடப் பளபளக்கும் வாய். "இன்னாக்கா, கம்பெனில நாள் பூரா அடுத்தவன் ஒயர செக் பண்றீங்க. ஊட்டு ஒயர செக் பண்ணலையா?"

அம்பு தைத்தது. ஹெலன் அந்த ஒயரை இரு விரல்களுக்கிடையே உருட்டினாள். அந்த விரல்களுக்கு உடனே விளங்கிவிட்டது. இத்தகைய கேபிளுக்குள் குறைந்தது நான்கு கம்பிகளாவது ஓட வேண்டும். இரண்டு மின்சாரத்தைச் சுமக்கும், இரண்டு தகவலைச் சுமக்கும். இதைச் செய்த புண்ணியவான் செலவை மிச்சம்பிடிக்கப் பின்னிரண்டை விட்டுவிட்டான். சோறூட்டத் தெரிந்த இந்த ஒயருக்குச் சொல் கடத்தத் தெரியாது. ஒயர்களின் அரசி ஓராண்டாக ஒரு பாதி ஒயரோடு குடித்தனம் நடத்தியிருக்கிறாள்!

"இனிமே ஒன்ன தொட்டா என் பேரு ஹெலன் இல்ல!" என்று மண்டபம் அதிர முழங்கி, அதைச் சுழற்றி வீசினாள். அது பறந்து போய், கேக் மேசையின் சாட்டின் துணிக்கு அடியில் புகுந்து மறைந்தது.

"பென்னி, வண்டிய எடு. ஊட்டுக்குப் போணும்."

"எதுக்குக்கா?"

"பீரோல இருக்குது."

ஆம், பீரோவில் இருந்தது. போனஸ் பணத்தில் வாங்கிய போனோடு அட்டைப்பெட்டிக்குள் வந்த சொந்தக் கேபிள், கெட்டுப்போய்விடக் கூடாதென்று, காகித வளையம்கூடக் கழற்றப்படாமல், கல்யாணப் பட்டுக்கும் நிலப்பத்திரத்துக்கும் நடுவே, அந்துருண்டை மணக்க, கன்னி கழியாமல் கிடந்தது. இரண்டு தெருவைப் புயலெனக் கடந்து, ஒரு நாயையும் ஒரு தண்ணி லாரியையும் திகைக்க வைத்து, பட்டு முந்தானை கொடியாய்ப் படபடக்க, ஹெலன் அதைக் கொண்டு வந்து செருகினாள். லேப்டாப்பில் போனின் பெயர் தோன்றியது! பத்துப் பெண்களும் குலவையிட்டார்கள். பச்சைக் கோடு நகரத் தொடங்கியது. நகர்ந்தது. இன்னும் கொஞ்சம் நகர்ந்தது.

மீதம் பதினான்கு நிமிடம் என்றது லேப்டாப். ஏழு மணிக்கு இன்னும் எட்டு நிமிடம்.

படத்தின் கனம் இருபது ஜிபி. ஏனெனில் அதை ஒட்டிய அன்று, "எல்லாத்தயும் ஃபுல் குவாலிட்டில வெய்க்கா, இல்லனா மூஞ்சி மாவாட்டம் தெரியும்" என்று ஆலோசனை சொன்ன அமைச்சன் பென்னியேதான். இப்போது அவன் கூரையின் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

இங்கே கதையைச் சற்று நிறுத்தி ஒரு ரகசியத்தைச் சொல்லியாக வேண்டும். முனையின் வடிவம் வேறு, உள்ளே ஓடும் வேகம் வேறு. இப்போதைய போன்களில் செருகும் டைப்-சி என்பது வாசலின் வடிவம் மட்டுமே. ஒரே மாதிரி வாசல் வைத்த இரண்டு கேபிள்களில் ஒன்றுக்குள் ஒற்றையடிப் பாதை இருக்கும், இன்னொன்றுக்குள் நெடுஞ்சாலை இருக்கும். போன், கேபிள், லேப்டாப் மூன்றில் எது மெதுவோ, அதன் வேகம்தான் மூன்றுக்கும் வாய்க்கும். கும்மிடிப்பூண்டி வரை அகலச் சாலை போட்டு என்ன, நடுவில் ரயில்வே கேட் சாத்தியிருந்தால் எல்லா லாரியும் அங்கேதானே நிற்கும்? பெட்டியில் வரும் கேபிள்களில் பல இப்படித்தான். எப்படியும் சார்ஜ்தானே போடப்போகிறார்கள் என்று பழைய வேகத்துக் கேபிளையே சுருட்டி வைத்துவிடுகிறார்கள். ஓராண்டு பட்டுக்கு நடுவே பள்ளிகொண்ட அந்த இளவரசன், உள்ளே ஒரு ரயில்வே கேட்!

அப்போது பத்துப் பெண்களின் படைத்தலைவி செண்பகம் வாசலிலிருந்து கூவினாள்: "ஹெலனு! பஸ்ஸு பாலத்தாண்ட வந்துக்கினு கீதாம்! எங்க மூஞ்சிய எப்பம்மா காட்டுவ?"

மேடையில் மணப்பெண் மெர்சி, யாரோ போட்ட மாலைக்குள்ளிருந்து அக்காவையே பார்த்தாள். ஹெலனின் கண்கள் திரையில் இல்லை, கோட்டில் இல்லை. மோகன்ராஜின் லேப்டாப் பக்கத்தில், சீட்டுக்கட்டளவு ஹார்ட் டிஸ்க் ஒன்றிலிருந்து தொங்கிய, ரப்பர் பேண்டு சுற்றிய, சாண் நீளம்கூட இல்லாத கறுத்த குட்டை ஒயரில் அவை நிலைகுத்தின. சட்டென்று அதைப் பிடுங்கினாள்.

"அய்யோ அக்கா, அது என் டிஸ்க்கு ஒயரு!"

"சும்மா இரு மோகன்." ஒரு முனை போனுக்குப் பொருந்தும் டைப்-சி. லேப்டாப்பில் செருகும் தட்டை முனையின் வாயைத் தூக்கி விளக்குக்கு நேராகப் பிடித்தாள். உள்ளே நீல நாக்கு. நாக்கின் மேல் நான்கு பொற்பற்கள். அவற்றுக்குப் பின்னால், பதுங்கிய சேனை போல, இன்னும் ஐந்து! "நாலு... பின்னாடி அஞ்சு" என்று முணுமுணுத்தாள். பீரோக் கேபிளின் வாயில் நான்கே பற்கள். இந்த ஐந்தும் வேகத்துக்கென்றே பிறந்தவை. இரண்டு போக, இரண்டு வர, ஒன்று தரைக்கு. லேப்டாப்பின் விலாவிலும் ஒரு நீலத் துளை இருந்தது. போனும் பெரிய போன், ஓடத் தெரிந்த போன். மூன்று கேட்டும் திறந்திருக்கிறது!

ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் கோட்டை அறுக்க வேண்டுமே! கால்வாசி வந்துவிட்டதே!

"வேணாங்க்கா, இதுவரைக்கும் வந்ததும் பூடும்" என்றான் பென்னி.

"இது பஸ்ஸு போன பிறகுதாண்டா முடியும்" என்றாள் ஹெலன். அறுத்தாள். குட்டை ஒயரைச் செருகினாள். மூன்றடி மெத்தனத்தால் முடியாததை அரைச்சாண் வீரம் செய்தது. உடைந்த ஏரியின் வெள்ளமென, சம்பள நாளன்று திறந்த கேன்டீன் கதவென, பச்சைக் கோடு பாய்ந்தது. மீதம் இரண்டு நிமிடம். ஒன்று. இல்லை.

வாசலில் பஸ் ஹார்ன் பிளிறியது. அதே கணம் திரை ஒளிர்ந்தது. ஜன்னலோரம் செண்பகத்தின் முகம், மூக்குத்தி ஒரு தட்டளவு! மண்டபம் ஆர்ப்பரித்தது. ஆனால் வாய் அசைகிறதே தவிரப் பாட்டு வரவில்லை. இத்தனை ஒயர் பார்த்த போரில், ஸ்பீக்கர் ஒயரைச் செருக எவருக்கும் தோன்றவில்லை. மோகன்ராஜ் மேசைக்கடியில் பாய்ந்தான். பத்துப் பெண்களோ காத்திருக்கவில்லை. தோளில் பையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக நின்றபடியே, திரையில் அசையும் தங்கள் வாய்களுக்குத் தாங்களே பாடினார்கள். அதையும் ஹெலன் தன் போனில் எடுத்தாள்.

பஸ் டிரைவர் முனுசாமி கோபத்தோடு உள்ளே நுழைந்தார். "இன்னாம்மா இது, பேஜாரா போச்சு, டைம் ஆவுது..." என்றவர் திரையைப் பார்த்து நின்றுவிட்டார். "ஏய், அது என் பின்னந்தலை!" திரை முழுக்க அவர் பின்னந்தலை, பக்கத்தில் ஆடும் எலுமிச்சை மிளகாய். "கொஞ்சம் இருங்கம்மா, திரும்புறனா பாக்கலாம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பாட்டு முடிந்து, திரையில் அவர் திரும்பி, பல்லைக் காட்டிய பிறகுதான் பஸ் கிளம்பியது. ஜன்னல் வழியே பத்துக் கைகள் நீண்டன. மெர்சி அழுதுகொண்டே சிரித்தாள்.

வென்ற குட்டை ஒயரை மோகன்ராஜ் தன் டிஸ்க்கிலேயே திரும்பச் செருகிக்கொண்டான். பீரோக் கேபிளை ஹெலனின் அம்மா ஏற்கெனவே சுருட்டி, காகித வளையம் மாட்டி, தன் பர்ஸில் பத்திரப்படுத்தியிருந்தாள்.

போனில் மூன்று பர்சென்ட்தான் சார்ஜ் இருந்ததால், ஹெலன் கேக் மேசைக்கு அடியில் குனிந்து அந்த வெள்ளை ஒயரைத் தேடினாள்.