214ஆம் ரெஜிமென்டின் பயனெட்

எதையும் மூன்று முறை சரிபார்க்கிறவள்தான் பெரிய தவறுகளைச் செய்வாள். ஒரே முறை பார்க்கிறவளுக்கு அவ்வளவு நேரம் கிடைப்பதில்லை.

பசறைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பழைய துரை பங்களா இப்போது சுற்றுலா விடுதி. வரவேற்பு மேசையில் எனக்குத் தற்காலிக வேலை. அது நிரந்தரமானால்தான் மகளைப் பதுளையில் நல்ல பாலர் பாடசாலைக்கு அனுப்ப முடியும். என் வேலைத் தவணை முடியும் வாரம் பார்த்து, ஸ்டோரில் கிடந்த ஐந்து துருப்பிடித்த கத்திகளை மேனேஜர் என் முன் வைத்தார்.

"பழைய பட்டாளத்து பயனெட்டுங்க. துப்பாக்கி முனையில மாட்டுறது. என்ன ஏதுன்னு பாத்து ஒவ்வொண்ணுக்கும் கார்டு எழுதிடுங்க. சனிக்கிழம ஒரு ரிட்டயர்ட் கேணல் வர்றாரு."

"சரிங்க சேர்" என்றேன். (எனக்குத் தெரிந்த ஒரே கத்தி காய் நறுக்குவது.)

ஆனால் வேலை பிடித்துப்போயிற்று. போனில் படங்களைத் தேடி ஒப்பிட்டேன். குறுக்குக் கம்பியில் இருக்கும் வளையம் துப்பாக்கிக் குழலில் நுழைவதற்கு. பிடியின் முனையில் உள்ள பள்ளமும் பொத்தானும் கழன்று விழாமல் பூட்டுவதற்கு. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கத் துடைக்க அலகின் அடியில் கிரீடமும் எழுத்துகளும் எட்டிப் பார்த்தன. மகளுக்கு முதல் பல் முளைத்தபோதுதான் அப்படிக் குனிந்து குனிந்து பார்த்திருக்கிறேன். நான்கு கத்திகள் சரியாகப் பொருந்தின.

ஐந்தாவதில் வளையம் இல்லை, பள்ளம் இல்லை, கிரீடமும் இல்லை. மெலிந்த அலகு, மரப்பிடி, அடியில் 214 என்ற எண் மட்டும். வேறொருத்தி தெரியாது என்று சொல்லியிருப்பாள். நான் எழுதினேன்: "மிக அரியது. 214ஆம் ரெஜிமென்ட். வளையம் போரில் உடைந்திருக்கலாம்." ('லாம்' போட்டதில் எனக்கு ஒரு நிம்மதி.)

சனிக்கிழமை கேணல் கண்ணாடிப் பெட்டியின் மேல் குனிந்தார்.

"இத எப்படி துப்பாக்கியில மாட்டுறது, மகள்?"

"அந்தக் காலத்துல கயித்தால கட்டுவாங்க சேர்." (எங்கிருந்து வந்ததோ அந்தக் கயிறு!)

அந்நேரம் பூச்சாடிக்குப் பூ கொண்டுவந்தார் அப்பா. தோட்டத்தில் கவ்வாத்து வெட்டி ஓய்வுபெற்றவர், இப்போது பங்களாவின் பூந்தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார். பெட்டியை எட்டிப் பார்த்தார்.

"அட, என் கவ்வாத்துக் கத்தி! ரோசாவ வெட்டிட்டு எங்கயோ வச்சுட்டு எத்தன வருசமாத் தேடுறேன். இதுக்குள்ள எப்புடிம்மா போச்சு?"

தேயிலைச் செடி வெட்டும் கத்தி. தீட்டித் தீட்டி வளைவே தேய்ந்து நேராகியிருந்தது. 214 தோட்டத்துப் பெயர்ப்பதிவில் அப்பாவின் செக்ரோல் நம்பர். சின்ன வயதில், வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்தில் பாலுக்கு வரிசையில் நின்றால் என்னை "இருநூத்திப் பதினாலு மக" என்றுதான் கூப்பிடுவார்கள்!

கேணல் கார்டை உரக்க வாசித்தார். அப்பா கைகட்டிக் கேட்டார்.

"போரெல்லாம் இல்லீங்க. கல்லுல பட்டு மொனதான் ஒடஞ்சிச்சு."

கேணல் சிரித்ததில் கண்ணாடி அதிர்ந்தது. மேனேஜர் சிரிக்கவில்லை. என் தற்காலிகத்தை இன்னும் மூன்று மாதம் நீட்டினார். அப்பாவைக் கத்தியை மட்டும் எடுக்க விடவில்லை. கேணல் அதிக நேரம் நின்றது அதன் முன்னால்தானே.

பிறகு வேலை நிரந்தரமாகி, மகளும் பதுளைக்குப் போகிறாள். அப்பா வீட்டுக்கு வந்தால் வாசலிலிருந்தே, "ரெஜிமென்டுக்கு ஒரு சாயத்தண்ணி!" என்று வெறுந்தேநீர் கேட்பார். அதைக் கேட்டு வளர்ந்த மகள், தாத்தாவுக்கு என்ன வேலை என்று டீச்சர் கேட்டபோது "பட்டாளம்" என்றிருக்கிறாள். தாத்தா சீருடையோடு வந்து பிள்ளைகளிடம் பேச வேண்டுமாம், பாடசாலையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது.

மறுத்து எழுதலாமா என்று மூன்று முறை யோசித்துவிட்டேன். அப்பா யோசிக்கவில்லை. கவ்வாத்து வெட்டும்போது இடுப்பில் கட்டும் சாக்கைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறார்.