இருபத்தொரு நாள் அம்மை

தாமோதரனுக்கு அவசரமாக ஒரு நோய் தேவைப்பட்டது. தனக்கு வேண்டாம், வீட்டில் யாருக்காவது வந்தால் போதும்.

துறைமுகத்தில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில், கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிக்கிற கிளார்க் அவன். புதன்கிழமை பெரம்பூரில் அவன் அக்கா பூமாரியின் மகளுக்குக் கல்யாணம். ஒரே தாய்மாமன். மாமன் வந்து மாலை போட்டு மேடைக்கு அழைத்துப் போகாமல் பெண் நகர மாட்டாள். முன்பு மஞ்சள் நீராட்டுக்கே கப்பல் வந்துவிட்டதென்று அவன் போகவில்லை. அந்தக் கோபம் அக்காவுக்கு இன்னும் ஆறவில்லை.

"இந்தத் தபாவும் நீ வரலன்னா, எனக்குத் தம்பியே பொறக்கலன்னு நெனைச்சுக்குவேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அம்மா இல்லாத வீட்டில் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். சொன்னதைச் செய்கிறவள்.

சுதந்திரம் வந்து மூன்று வருஷம் ஆகியும் கம்பெனியை விட்டுத் துரை போகவில்லை. அந்த வாரம் இரண்டு கப்பல் சேர்ந்து வந்ததில், யாருக்கும் லீவு கிடையாது என்று அவர் சொல்லிவிட்டார். செத்துப் போகிறவன்கூட முன்கூட்டி எழுதிக் கேட்க வேண்டிய நிலைமை.

ஆனால் துரைக்கும் ஒரு பயம் இருந்தது. அதைக் கிடங்குச் சுவரில் நோட்டீசாக ஒட்டி வைத்திருந்தார். வீட்டில் காலராவா, பத்து நாள் வராதே. பெரியம்மையா, இருபத்தொரு நாள். பிளேக்கா, மறு உத்தரவு வரும்வரை. சம்பளம் உண்டு. சின்னம்மை, தட்டம்மை போன்ற ஏழைப்பட்ட நோய்களுக்கு நோட்டீசில் இடமே இல்லை.

தாமோதரன் மருந்துக்கடை கம்பவுண்டர் ஷம்ஷாத்திடம் ஓடினான்.

"பாய், தட்டம்மை தெருவுக்கே ஒட்டுது. அதுக்கு ஏன் லீவு இல்ல?"

"ஒட்றது வேற, கொல்றது வேற நைனா. தட்டம்மை பத்து பேரைத் தொட்டா ஒம்பது பேருக்கு வரும். ஆனா அதுல சாவறது கம்மி. துரை எப்படி மதிப்பாரு?"

"அப்ப வெறிநாய்க்கடி?"

"வந்தா ஒருத்தனும் பொயைக்க மாட்டான். ஆனா உன்கிட்டேருந்து துரைக்கு ஒட்டாது. அவருக்கு இன்னா கவலை?"

"காலரா?"

"காத்தால வந்தா சாயங்காலம் ஆளைத் தூக்கிடும். ரெண்டாம் நாளே துக்கம் விசாரிக்க வருவாங்க. பொணத்துக்கு எங்க போவே?"

ஷம்ஷாத் நோய்களை ஒவ்வொன்றாக, கத்திரிக்காய் பொறுக்குவதுபோல எடுத்துப் பார்த்து ஒதுக்கினார்.

"பெரியம்மை எடுத்துக்கோ. ஒட்டவும் ஒட்டும், கொல்லவும் கொல்லும். ஆனா பத்து பேருக்கு வந்தா ஏழு பேரு பொயைச்சுக்குவான். நீ அந்த ஏழுல சேந்துக்கோ."

மறுநாள் ஹெட்கிளார்க் குமாரவேல், தாமோதரனின் கடிதத்தை இரண்டு ரூல்தடிகளால் இடுக்கி வாங்கினார்.

"யாருக்கு அம்மை?"

"சம்சாரத்துக்கு சார்."

"தள்ளி நில்லு. கம்பெனி ஆளு வூட்டுக்கு வந்து பாப்பான். இப்ப ஓடு."

வீட்டில் நீலா விஷயத்தைக் கேட்டதும் கரண்டியோடு எழுந்தாள். "ஒங்க அக்கா வூட்டுக் கல்யாணத்துக்கு நான் சாவணுமா?"

"சாவ மாட்டே. ஏழுல நீ ஒருத்தி."

வாசலில் வேப்பிலை கட்டினான். அவளுக்கு மஞ்சள் பூசிப் பாயில் படுக்க வைத்தான். கம்பெனி ஆள் எதிர்ச்சாரியில் நின்று வேப்பிலையைப் பார்த்தான், கன்னத்தில் போட்டுக்கொண்டான், திரும்பிப் பார்க்காமல் நடந்தான். காரியம் பழமாகிவிட்டது என்று தாமோதரன் நினைத்தான்.

ஆனால் வேப்பிலையைத் தெருவும் பார்த்தது. அரை மணியில் கூழ் வந்தது, இளநீர் வந்தது. அக்கம்பக்கத்து வீடுகளில் தாளிப்பதைக்கூட நிறுத்திவிட்டார்கள். மீன் விற்கும் செல்லம்மா, தெருவுக்கே பெரிய மனுஷி, வாசலில் நின்று கும்பிட்டாள்.

"தாயே, எம் புள்ளைக்கு ஆர்பர்ல வேலை கெடைக்குமா?"

"கெடைக்கும்" என்றது பாயிலிருந்து குரல். "லீவுதான் கெடைக்காது."

அம்மன் பதவி நீலாவுக்குப் பிடித்துப்போனது. ஆனால் செல்லம்மா போகும்போது ஒரு சட்டம் போட்டுவிட்டுப் போனாள். அம்மை இறங்கித் தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றும்வரை அந்த வீட்டிலிருந்து யாரும் படி தாண்டக் கூடாது. அதிலும் கல்யாண வீட்டுப் பக்கம் போகவே கூடாது. போனால் மாரியம்மாவுக்குக் கோபம் வரும், தெரு தாங்காது. காவலுக்கு வாசலில் இரண்டு ஆண்களை உட்கார்த்தி வைத்தாள்.

கல்யாணத்துக்குப் போக வாங்கிய லீவு, அவனைக் கல்யாணத்துக்குப் போகவிடாமல் வீட்டில் அடைத்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை பூமாரியே வந்தாள். தெருமுனையில் நின்று அழுதாள். "தம்பி, நீ வர வேணாம்டா. மாப்பிள வூட்ல தெரிஞ்சா கல்யாணமே நின்னுடும். எம் பொண்ணுக்கு மாமன் இல்லன்னு நெனைச்சுக்கறேன்."

காவல்காரர்கள் முன்னால் உண்மையைச் சொல்ல முடியாது. தாமோதரன் பின்பக்கம் வரச்சொல்லிச் சைகை காட்டினான். கொல்லைச் சுவர் வழியாக அவள் காதில் எல்லாவற்றையும் சொன்னான். பூமாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, எட்டி அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

"கேப்மாரி. காத்தால அஞ்சு மணிக்கு மணவறைகிட்ட நிக்கணும்."

புதன்கிழமை விடியுமுன் அவன் கொல்லைச் சுவர் ஏறிக் குதித்தான். முழங்கால் சிராய்த்தது, வேட்டி கிழிந்தது.

"நீ போய் வடை துன்னு" என்று நீலா உள்ளேயிருந்து பல்லைக் கடித்தாள். "நான் இங்க ஆத்தாவா படுத்துக் கெடக்கறேன்."

கிழிசலை மடித்துக் கட்டிக்கொண்டே மாலை போட்டான். அக்கா மகளின் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துப் போனான். அக்கா அவனைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக ஊரில் உள்ள எல்லா நோயையும் வீட்டுக்கு அழைத்திருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது. வெட்கமில்லாமல் அழுதான்.

மூன்றாவது பந்தியில் உட்கார்ந்து, வடையைக் கடித்துக்கொண்டே நிமிர்ந்தான். எதிர் இலையில் ஹெட்கிளார்க் குமாரவேல் வாய் நிறைய வடையோடு உட்கார்ந்திருந்தார்.

இரண்டு பேருமே மெல்லுவதை நிறுத்தினார்கள். ஹெட்கிளார்க்தான் முதலில் விழுங்கினார்.

"உன் சம்சாரத்துக்கு அம்மைன்னே?"

"ஆமா சார். ஆபீஸ் நாள்ல நீங்க எப்படி சார்?"

அவர் இடமும் வலமும் பார்த்தார். "மாப்பிளயோட அப்பன் நம்ம தோஸ்து. எங்க வூட்ல காலரா."

"காலராவுக்குப் பத்து நாள்தானே சார். பெரியம்மைன்னா இருபத்தொண்ணு."

"அவசரத்துல எய்திட்டேன்யா" என்றார் ஹெட்கிளார்க், உண்மையான வருத்தத்தோடு.

அடுத்த கணம் தாமோதரனுக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. புரை ஏறும்வரை சிரித்தார்கள். எது நல்லா ஒட்டும், எது சீக்கிரம் கொல்லும், எதற்கு லீவு அதிகம் என்று பந்தியே திரும்பிப் பார்க்கிற மாதிரிப் பேசினார்கள்.

வடைக்கூடையோடு ஆபீஸ் பியூன் கோதண்டம் வந்தான். பரிமாற ஆள் போதாதென்று, ஆபீஸ் வேலை என்று கணக்குக் காட்டி ஹெட்கிளார்க்தான் அவனை அழைத்து வந்திருந்தார். காலையிலிருந்து மூன்று பந்திக்கும் அவன் கையால்தான் வடை.

"டேய் கோதண்டம், கேட்டியாடா கதையை? நீயும் சிரிடா" என்றார் ஹெட்கிளார்க்.

கோதண்டம் ஆளுக்கொரு வடையை இலையில் வைத்தான்.

"நானும் இதேதான் சார் சொல்லி லீவு கேட்டேன், நீங்க நம்பல. எம் பொண்டாட்டிக்கு நெசமாவே மூணு நாளா அம்மை முத்து போட்டுகீது, காத்தாலகூட வேப்பிலையால தடவிக் குடுத்துட்டு அப்படியே வந்துட்டேன். இன்னொரு வடை வெக்கட்டா?"