அட்டையில் இரண்டு குத்துவிளக்கு

லா சப்பல், பாரிஸ்
மார்கழி 2014

அன்பும் பொறுமையும் மிக்க மச்சான் வல்லிபுரத்துக்கு,

குளிரோடு மல்லுக்கட்டியபடி நாங்கள் சுகம். உம்முடைய முழங்காலும் அச்சுக்கூடமும் நோவில்லாமல் ஓட வேண்டுமென்று ரூ பஜோல் தெருப் பிள்ளையாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

நிற்க. என் நாவலின் உள்பக்கங்களை அச்சடித்து முடித்தும் அட்டை வந்து சேரவில்லையென்று கோபப்படுகிறீராம். கோபப்படும், ஆனால் கதையைக் கேட்டுவிட்டுக் கோபப்படும்.

அட்டையை இங்கே மரியரட்ணத்திடம் கொடுத்தேன். கல்யாண அழைப்பிதழ், பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியவீட்டு அழைப்பிதழ், செத்தவரின் படத்தைப் போட்டு செத்தவீட்டுக்காரர் முப்பத்தோராம் நாள் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகம், இவை அடிக்கிற கடை. நாவலுக்கு அட்டை செய்வது அவருக்கு முதல் தடவை. நாவல் எழுதுவது எனக்கும் முதல் தடவை என்பதால் அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. உமக்குத் தெரியும், என் மனுசி புனிதத்தின் தம்பி, வன்னியில் 2009இல் காணாமல் போனவன், அவனைத்தான் எழுதியிருக்கிறேன். தலைப்பும் 'துஷ்யந்தன் வரும் வழி'. அவனுடைய படத்தைக் கொடுத்தேன். முதலில் பொன்னிறத்தில் வாழைமரம் நட்டு ஒரு அட்டை வந்தது, பொம்பிளை மாப்பிள்ளைதான் குறை. கொஞ்சம் அடக்கமாகச் செய்யும் என்று சொன்னேன். அது என் வாய்க்கொழுப்பு. அடுத்த அட்டையில் முட்டை வடிவத்துக்குள் துஷ்யந்தனின் முகம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே வில்லாக வளைந்த தலைப்பு, கீழே கறுப்புக் கரைக்குள் தலைப்பைவிடப் பெரிதாக என் பெயர். பெயர் பெரிதாக இருந்ததால் மற்றது ஒன்றும் என் கண்ணில் படவில்லை, நல்லது என்றுவிட்டேன். மனுசன் அதை மரண அறிவித்தல்கள் ஒட்டுகிற கடைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டார். அன்று பின்னேரமே, துக்க வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் என்று சார்செல்லிலிருந்து ஒரு குடும்பம் சோறு கறியோடு றெயின் ஏறி வந்தது. வந்தவர்களை இருத்தித் தேத்தண்ணி கொடுத்தேன். அவர்கள் அழத் தொடங்கினார்கள்.

புனிதம் குசினிக்குள்ளிருந்து வந்து சோற்றுப் பாத்திரத்தை மூடினாள்.

"அவன் செத்ததெண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?"

அப்படியொரு குரலை அவளிடம் நான் கேட்டதில்லை மச்சான். அவன் வரும் வழி என்று எழுதிக்கொண்டே உள்ளுக்குள் அவனைப் புதைத்துவிட்டேனோ என்று நினைக்க வெட்கமாக இருந்தது.

ஆகவே விளக்கும் வேண்டாம், படமும் வேண்டாம். இங்கே பிரெஞ்சுக்காரர் வாசிக்கிற நாவல்கள் பலதுக்கு அட்டையில் வெறும் எழுத்துத்தான். நீரும் அப்படியே செய்யும். வெள்ளை அட்டை. நடுவில் தலைப்பு, தடித்த கறுப்பு எழுத்தில். சுற்றிவர நிறைய வெளி விடும், பூவொன்றும் போடாதேயும். கீழே என் பெயர் தலைப்பளவுக்கே வரட்டும், ஆனால் சிவப்பில். எழுதினவன் ஆரெண்டும் சனத்துக்குத் தெரியத்தானே வேணும். இதுதான் முடிவு, இதில் ஒரு புள்ளியும் மாறாது.

மாமிக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி. முழங்காலுக்கு நல்லெண்ணெயைச் சூடாக்கிப் பூசும்.

உம்முடைய மச்சான்,
வரதராசா, நாவலாசிரியர்

பி.கு.: ஒட்டுவதற்கு முன் கடிதத்தைப் புனிதத்துக்கு வாசித்துக் காட்டினேன். படம் வேணுமாம். விளக்கில்லாமல், கரையில்லாமல், அட்டை முழுக்க அவன் முகம். "புத்தகம் எங்கையெங்கையோ எல்லாம் போகும். ஆராவது அவனைக் கண்டிருப்பினம்" என்கிறாள். ஆகையால் என் பெயரை எடுத்துவிடும். அந்த இடத்தில், அதே சிவப்பில், அதே அளவில், எங்கள் வீட்டு ரெலிபோன் நம்பரைப் போடும்.