கிரகண கேசரிப் பொன்னாடைப் போர்

வாழி தவராசா! விண்மீன்களை விரலால் எண்ணிய வித்தகனே, சாண்நீளத் தொலைநோக்கியால் முழுநிலாவையே முறைத்துப் பார்த்த அரிமாவே, நின் பெரும்போரைப் பாட எம் நாவுக்கு வலிமை தருக நாமகள்!

மேல்நாட்டு வானியலார் தம் இனத்தாருக்குப் பொற்பதக்கம் பூட்டியும், சந்திரனின் பள்ளங்களுக்கு அவர்தம் பெயரைச் சூட்டியும் சிறப்பிக்கிறார்கள் என்று பத்திரிகையில் வாசித்த நாள்முதல், நெளுக்குளம் வானாராய்ச்சிக் கழகத்தார் வானத்தை அண்ணாந்து பார்ப்பதை விட்டுவிட்டார்கள். பதக்கத்துக்கு உழைக்க வேண்டும். பொன்னாடைக்குத் தோள் இருந்தாற் போதும்.

ஐம்பத்தைந்தாம் ஆண்டு ஆனி மாதம், காலை வேளையில் பூரண சூரிய கிரகணம் வந்தது. பொன்னாடை போர்த்து, கழகத்தாரை வெளியே நடத்திச் சென்று, கரிபூசிய கண்ணாடியால் அதனைக் காண்பவருக்கே ‘கிரகண கேசரி’ என்னும் பட்டம். அந்தப் பட்டத்துக்காகத் தவராசா ஒரு வருடமாக ஏங்கிக் கிடந்தான், பாவம்.

கச்சான் காற்றின் புழுதி ஆடையிற் படியுமென்று கழகம் கூடிய வாசிகசாலையின் கதவு, யன்னல் அனைத்தும் அடைக்கப்பட்டன. அடைத்த கணமே, ஆடையின் ஒரு தலைப்பைச் செயலாளன் தவராசாவும் மறுதலைப்பைத் தலைவர் கதிர்காமநாதனும் பற்றினர்.

“கிரகணத்தைக் கணிச்சவன் நான்! விடுங்கோ!” என்று முழங்கினான் தவராசா.

“கழகத்துக்குத் தலைவர் ஆர்? நானெல்லோ!” என்று கர்ச்சித்தார் கதிர்காமநாதன்.

கதிரைகள் புரண்டன, சால்வைகள் பறந்தன, இரண்டாய்ப் பிரிந்த கழகத்தாரின் சேனைகள் கடலோடு கடல் மோதினாற்போல் மோதின. வெளியே கோழிகள் மரமேறின, மாடுகள் பட்டிக்குத் திரும்பின, தேத்தண்ணிக்கடைச் சரீப் ஓடிவந்து கதவைத் தட்டினான்.

“ஐயாமார், வெளியில வாங்கோ! பொழுது மறையுது!”

போர்க்களத்தில் அது யார் காதில் ஏறும்? மண்டபம் இருண்டு, பகைவர் முகம் பகைவருக்கே தெரியாமற் போனபோது, தலைவர் இடியென ஆணையிட்டார்.

“இருட்டுக்குள்ளை ஆடை கிழியப்போகுது! பெற்றோமாக்ஸைக் கொளுத்துங்கோ!”

கொளுத்தினார்கள். வானியலாராம்! காலை வேளையில் ஏன் இருண்டது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அந்த ஒளியிலே தவராசா வென்றான். பொன்னாடை தோளில் மின்ன, வெற்றிவேந்தனாய்க் கதவைத் திறந்து, கரிபூசிய கண்ணாடியை வானுக்கு உயர்த்தினான். முகத்தில் வெயில் விழுந்தது. சேவல் கூவியது.

“முழுசா மறைஞ்சது விட்டுட்டுது, ஐயா. இனி அரைகுறைதான்,” என்றான் சரீப்.

தவராசாவின் கண் கலங்கியது. இனியொரு பூரண கிரகணம் அவன் ஆயுளில் அங்கே வராது.

பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்த பெற்றோமாக்ஸை நூர்த்துவிட்டு எல்லோரும் தேத்தண்ணி குடிக்கப் போனார்கள்.