பெரியவரைத் தள்ளிவிட்டது யார்?

"அனைவருக்கும் நீக்கு" என்பதைத் தொடுவதற்குப் பதிலாக "எனக்கு மட்டும் நீக்கு" என்பதைத் தொட்டுவிட்டாள் முந்திரி. இப்போது அந்தச் செய்தி மெத்தைக் கம்பெனியில் வேலை செய்யும் எல்லார் போனிலும் இருந்தது. அவள் போனில் மட்டும் இல்லை.

செய்தி இதுதான். முதலில், அவள் வழக்கப்படி, ஒன்றன்கீழ் ஒன்றாகப் பத்துப் பன்னிரண்டு புள்ளிகள். அதற்குக் கீழே:

"மக்களே! பெரியவர் மாடிப்படியிலிருந்து விழுந்தது தற்செயல் இல்லை! பின்னாலிருந்து தள்ளியது மாப்பிள்ளை! அத்தை அதைக் கண்ணால் பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. கம்பெனியை விற்க ரகசியப் பேரம் நடக்கிறது. நாளைக்கு இதைவிடப் பெரிய குண்டு இருக்கிறது!"

இதில் என்ன தவறு என்று கேட்கலாம். கொரிய நாடகம் பார்க்கும் கூட்டத்துக்கு இதில் ஒரு தவறும் இல்லை. அந்தக் கூட்டம் போனில் ஒரு குழு வைத்திருந்தது. பெயர் "கொரியக் குடும்பம்". அதில் இருப்பவர்களுக்குக் கொரியப் பெயர்கள் எல்லாம் ஒரே மாதிரி கேட்டதால், நாடகத்தில் வருகிற ஓட்டல் முதலாளிக்குப் பெரியவர் என்றும், அவர் மருமகனுக்கு மாப்பிள்ளை என்றும், தங்கைக்கு அத்தை என்றும் தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். கொரியாவில் கதை முடிந்தே போய்விட்டது; இங்கே இன்னும் பாதிகூட வரவில்லை. அங்குள்ள ரசிகர்கள் எழுதுவதையெல்லாம் தேடிப் பிடித்து, போனிலேயே மொழிபெயர்த்துப் படித்து, தினமும் ஓர் எபிசோடாகச் சுருக்கம் எழுதிப் போடுபவள் நம் ஆள். பார்க்காதவர்கள் தப்பித் தவறிப் படித்துவிடக் கூடாது என்றுதான் மேலே அந்தப் புள்ளிகள். எல்லாருக்கும் முன்னால் ஓடி வந்து கதை சொல்வதால் குழுவில் அவளை முந்திரிக்கொட்டை என்பார்கள். சுருக்கமாக முந்திரி. அவளுக்கு அதில் பெருமைதான்.

தவறு எங்கே என்றால், மெத்தைக் கம்பெனிக்கும் ஒரு குழு இருந்தது. அதன் பெயர் "மெத்தைக் குடும்பம்". அவசரத்தில் செய்தி அதில் போய்விட்டது. அந்தக் கம்பெனி முதலாளியை எல்லாரும் பெரியவர் என்றுதான் அழைத்தார்கள். மேனேஜர் அவர் மாப்பிள்ளை. கணக்குப் பார்ப்பவர் அவர் தங்கை. தையல் பிரிவிலிருந்து லோடு ஏற்றுகிறவர்கள் வரை எல்லாருக்கும் அத்தை. பெரியவர் போன மாதம்தான் கம்பெனி மாடிப்படியில் வழுக்கி விழுந்து இடது கையில் மாவுக்கட்டோடு திரிந்துகொண்டிருந்தார்.

லாரிகளில் மெத்தை அனுப்பும் டிஸ்பாட்ச் பிரிவில் முந்திரி இதுவரை தற்காலிகம். வேலை நிரந்தரம் என்ற உத்தரவில் பெரியவர் இன்று மாலை கையெழுத்துப் போடுவதாக இருந்தது. கணவன் வேலை செய்த கம்பெனியை இழுத்து மூடிய பிறகு வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான். இந்த வேலையும் போனால் என்ன செய்வது என்று நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

போதாக்குறைக்கு அவள் மேசைக்கு நேர் எதிரே சுவரில் ஓர் அறிவிப்பு வேறு. "இந்த வளாகத்துக்குள் யாரும் நாடகம், சீரியல் கதை பேசக் கூடாது. மீறினால் வேலை இல்லை." அதற்குக் கீழே பெரியவரே தன் கையால் சேர்த்திருந்தார்: "சாப்பாட்டு வேளையிலும்தான்." அந்த மனிதருக்கு நாடகம் என்றாலே வேப்பங்காய் என்று முந்திரி சேர்ந்த நாளே முடிவு கட்டிவிட்டாள். அதனால்தான் தன் கொரியப் பைத்தியத்தை அங்கே ஒருவரிடமும் மூச்சு விடாமல் வைத்திருந்தாள்.

கம்பெனி வேன் வாசலில் வந்து நின்றது. பெரியவர் கார் வாங்காத சிக்கனக்காரர். குடும்பத்தோடும் வேலையாட்களோடும் அதே வேனில்தான் வருவார். பக்கத்துத் தெரு என்பதால் முந்திரி மட்டும் நடந்து வருவாள். தினமும் சந்தைக் கூச்சலோடு இறங்குகிற கூட்டம் இன்று வரிசையாக, பேசாமல் இறங்கியது. யார் முகத்திலும் ஈயாடவில்லை.

தையல் அக்கா அவளைக் கடந்து போகும்போது நின்றாள்.

"ஏன் இப்படிப் பண்ணின?"

"அக்கா, அது வந்து..."

"ஒண்ணும் சொல்லாத. இனிமே நீ ஒண்ணுமே சொல்லாத."

சரி, நேரடியாகப் போய்ச் சரணடைந்துவிடுவதுதான் நல்லது என்று முந்திரி மேனேஜர் அறைக்கு ஓடினாள். மாப்பிள்ளை நாற்காலியில் உட்காராமல் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

"சார், நான் அனுப்பினது உங்களப் பத்தி இல்ல சார். அது ஒரு கொரியன் நாடகம்."

"எந்த நாடகம்? எனக்கு எந்த நாடகமும் தெரியாது. நான் அதெல்லாம் பாக்கறதே இல்ல." மேனேஜர் கதவை எட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

பார்க்காதவரை எப்படி நம்ப வைப்பது? முந்திரிக்கு ஒரே வழிதான் தெரிந்தது.

"நீங்க நம்பணும் சார். அந்த மாப்பிள்ளை நல்லவர் சார். பதினஞ்சாவது எபிசோட்ல எல்லாம் வெளிய வந்துடும். தள்ளினது அவர் இல்ல, அவர் கோட்டப் போட்டுக்கிட்டு வந்த வக்கீல்!"

மேனேஜர் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது.

"வக்கீலா?"

"ஆமா சார், வக்கீல்தான். கூட இருந்தே குழி பறிச்சவர்."

"போதும்! வெளிய போங்க! இன்னொரு வார்த்தை பேசினீங்கன்னா நான் மனுஷனா இருக்க மாட்டேன்!"

மாப்பிள்ளையைச் சமாதானப்படுத்தப் போய் அவருடைய வக்கீலையும் இழுத்துவிட்டோமே என்று முந்திரி தலையில் அடித்துக்கொண்டாள். கம்பெனிக்கு ஒரு வக்கீல் இருந்தார். மாப்பிள்ளைக்கு அவர் நெருங்கிய சிநேகிதர் வேறு.

அத்தையாவது இரக்கப்படுவாள் என்று கணக்குப் பிரிவுக்குப் போனாள். அத்தை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முந்திரி அவள் காலடியில் போய் உட்கார்ந்தாள். பெற்ற தாய் மாதிரி பார்த்துக்கொண்ட மனுஷி. சேர்ந்த முதல் வாரமே உட்காரத் தன் சொந்தத் திண்டைக் கொடுத்தவள்.

"அத்தை, அந்த அத்தை நீங்க இல்ல அத்தை. சத்தியமா அது நாடகத்துல வர்ற அத்தை."

அத்தை மூக்கைச் சிந்தினாள்.

"நீங்க தங்கமானவங்க. அவ ராட்சசி. அண்ணனுக்கு ஜூஸ்ல விஷம் கலந்து குடுக்கறதே அவதான்!"

அத்தை மெல்ல நிமிர்ந்து பார்த்தாள்.

"இவ்வளவு நாளா நல்லவ நல்லவன்னு நம்பிட்டு இருக்கறப்ப, இப்படி ஒரு வார்த்தை என் காதுல விழணுமா? விஷமா? அவளா? போடி. என் மூஞ்சில முழிக்காத."

"அவளா" என்று யாரைச் சொன்னாள் என்று முந்திரிக்குப் புரியவில்லை. தன்னைத்தான் மூன்றாம் மனுஷி போலப் பேசிப் புலம்புகிறாள், அதிர்ச்சியில் அப்படித்தான் ஆகும் என்று நினைத்துக்கொண்டாள்.

குடோனுக்குப் பின்னால் போய்க் கணவனுக்குப் போன் போட்டாள். அவன் வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். குழாய்ச் சத்தத்துக்கு நடுவே எல்லாவற்றையும் கேட்டான்.

"நீ பண்ற தப்பே அதுதான்" என்றான். "ஆளுக்குக் கொஞ்சமா சொன்னா யார் நம்புவாங்க? அவங்கவங்க சம்பந்தப்பட்டத மட்டும் நீ மழுப்பறதா நினைப்பாங்க. முழுசாச் சொல்லிடு. ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் எழுதி, நாடகத்தோட படத்தயும் போட்டு, குரூப்லயே அனுப்பு. படிச்சா பச்சக் குழந்தைக்குக்கூடப் புரிஞ்சுடும்."

"அப்படியா சொல்றீங்க?"

"ஒளிவு மறைவு இல்லாம எழுது. ஒண்ணையும் விடாத."

வேலை போன நாளிலிருந்து கணவன் இவ்வளவு உறுதியாக ஒரு வார்த்தை பேசி அவள் கேட்டதில்லை. கண் கலங்கிவிட்டது. அங்கேயே, பஞ்சு மூட்டை மேல் உட்கார்ந்து, எழுத ஆரம்பித்தாள். கதை எழுத உட்கார்ந்தால் அவளுக்கு உலகமே மறந்துவிடும். வக்கீல் விமான நிலையத்தில் பிடிபடுவது, அத்தையின் விஷம், ஆஸ்பத்திரி நர்ஸ் உண்மையில் யார், பெரியவர் கோமாவிலிருந்து கண் விழிக்கிற காட்சி என்று அடுக்கிக்கொண்டே போனாள். இந்த முறை புள்ளிகள்கூட வைக்கவில்லை. ஒளிவு மறைவு இல்லை என்று காட்ட வேண்டுமே. தலைப்பில் "இது நாடகம்தான், எல்லாரும் கட்டாயம் படிக்கவும்" என்று எழுதி, படத்தோடு அனுப்பிவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

தையல் பிரிவில் ஓடிக்கொண்டிருந்த மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. லாரியில் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு மெத்தை தொப்பென்று தரையில் விழுந்தது. லோடு ஏற்றுகிற அண்ணன், சாதாரணமாகச் சண்டை போடத் தெரியாதவர், குடோன் வாசலில் வந்து நின்று அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"தாயே, உனக்கு நாங்க என்ன பாவம் பண்ணினோம்?"

"அண்ணே, படிச்சீங்களா? அது நாடகம்னு இப்பவாவது நம்பறீங்களா?"

அவர் தலையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். போனைப் பார்த்தாள். "மெத்தைக் குடும்பம்" குழுவிலிருந்து தையல் அக்கா விலகினார். மேனேஜர் விலகினார். அத்தை விலகினார்.

எல்லாரும் படித்துவிட்டார்கள், ஒருவர்கூட நம்பவில்லை என்பது முந்திரிக்கு இப்போது சந்தேகமில்லாமல் தெரிந்துவிட்டது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த நேரம் பார்த்துப் பெரியவர் கூப்பிடுகிறார் என்று ஆள் வந்தது.

பெரியவர் அறையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். மேசை மேல் அவளுடைய உத்தரவு இருந்தது. பேனா மூடியைத் திறக்கவே இல்லை.

"உக்காரும்மா" என்றார். குரலில் கோபம் இல்லை. அது கோபத்தைவிட மோசமாக இருந்தது. "எனக்கு வயசாச்சு. சம்சாரம் போய்ச் சேந்துட்டா. கை வேற இப்படி. எனக்குன்னு இருந்த ஒரே நிம்மதி அது. கொஞ்சம் கொஞ்சமா, ஆசை ஆசையா வச்சிருந்தேன். ஒரே நாள்ல போட்டு உடைச்சிட்டியேம்மா."

குடும்ப ஒற்றுமையைத்தான் சொல்கிறார் என்று நினைத்து முந்திரி தேம்பித் தேம்பி அழுதாள். கிழவரின் முகத்தைப் பார்க்கப் பார்க்க, எப்படியாவது அவருக்கு ஓர் ஆறுதல் சொல்லிவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. குழுவில் போட்டதில் கடைசிக் காட்சியை மட்டும் அவசரத்தில் மறந்திருந்தாள். எல்லாம் சுபமாக முடிவது அதில்தானே?

"ஐயா, கவலைப்படாதீங்க. கடைசில ஒரு குறையும் இல்ல. பெரியவர் எழுந்து நடக்கறார். மாப்பிள்ளை கால்ல விழறார். குடும்பம் ஒண்ணு சேந்துடுது. எல்லாரும் சேந்து பெரியவருக்கும் அந்த நர்ஸம்மாவுக்கும் கல்யாணமே பண்ணி வைக்கறாங்க!"

பெரியவர் மாவுக்கட்டுக் கையை ஒதுக்கிவைத்துவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

"நீ வீட்டுக்குப் போம்மா" என்றார் அப்படியே. "நாளைக்கு வரணுமா வேண்டாமான்னு யோசிச்சுச் சொல்றேன். நடந்து போகாத, அழுதுக்கிட்டே ரோட்டுல போவ. வேன்ல கொண்டு விடச் சொல்றேன்."

காலி வேனில் முன் சீட்டில் அவளை ஏற்றிக்கொண்டு டிரைவர் கிளப்பினார். தினமும் மொத்தக் கம்பெனியையும் ஏற்றி இறக்குகிற மனிதர். மதியம் முழுக்க வெளியே லோடுக்குப் போயிருந்ததால் அவருக்கு இன்னும் விவரம் தெரியாது என்று முந்திரி நினைத்தாள். உலகத்தில் ஒருவராவது தன்னை நம்ப வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணே, நீங்களாவது பொறுமையா கேளுங்க. நான் சொன்ன பெரியவர் நம்ம பெரியவர் இல்ல, அது நாடகம்னு யாருமே நம்ப மாட்டேங்கறாங்க. முதல்லேர்ந்து சொல்றேன். அந்த நர்ஸ் இருக்காளே, அவ வந்து..."

வேன் கிறீச்சென்று ரோட்டோரமாக நின்றது. டிரைவர் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"அம்மா தாயே, அது நாடகம்னு எங்க எல்லாருக்குமே தெரியும்! வேன்ல பெரியவர்லேர்ந்து லோடு அண்ணன் வரைக்கும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாம போனை மறைச்சு மறைச்சு தமிழ் டப்பிங்ல அதைத்தான் பாத்துட்டு வர்றாங்க, நான் கண்ணாடில பாக்கறேன்ல. நேத்து எபிசோட்லதாம்மா அந்தப் பெரியவர் மாடிப்படிலேர்ந்தே விழுந்தாரு!"