காளையின் வயிற்றில் ஒரு துளை

எதைக் கண்டாலும் அதற்கொரு உள்ளர்த்தம் சொல்லாவிட்டால் சோறு இறங்காத இனம் ஒன்று உண்டு. நம் உள்ளர்த்தக்காரர் அதில் முதல் தரம். அருங்காட்சியகத்தில் பழைய மண்பொம்மைப் பிரிவு அவர் பொறுப்பு. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் ஈரமண்ணைக் குச்சியில் சுற்றி உடம்பாக்கி, குச்சியை உருவி, கிள்ளிக் கிள்ளிக் கால் இழுத்து, இரண்டு உருண்டையை ஒட்டிக் கண் வைத்து, நகத்தால் நாலு கீறு கீறிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார். இவர் விடுவாரா? கால் குட்டையென்றால் பணிவு. வால் இல்லையென்றால் துறவு. வால் ஒடிந்து விழுந்திருக்கலாமே என்று யாராவது கேட்டால், “அப்படியும் சொல்லிக்கலாம்” என்று ஒரு சிரிப்பு.

ஒரு காளையின் வயிற்றடியில் சின்னத் துளை இருந்தது. ‘ஆன்மா வெளியேறும் வழி’ என்று விளக்க அட்டை எழுதினார். இயக்குநர் அம்மா நம்பவில்லை.

“துளை இல்லாம ஒண்ணு செஞ்சு சுட்டுக் காட்டுங்க. நல்லா வந்தா உங்க அட்டைய வைக்கிறேன். இல்லேன்னா பிரிவை வேற ஆள்கிட்ட குடுத்துடறேன்.”

மச்சினன் பூந்தொட்டி செய்கிறவன். அவன் பட்டறையில் முழங்கை வரை மண்ணாகி, அரை நாளில் ஒரு காளையைச் செய்து முடித்தார். மனைவி அதைப் பன்றி என்றதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“மாமா, உள்ள வெறுங்கூடா இருக்கு, ஈரமும் காயல. அடியில ஒரு ஓட்டை போடுங்க. காத்து போக வழியில்லேன்னா வெடிச்சிடும்.”

“ஓட்டை ஆன்மாவுக்குடா. இது வெறும் மாதிரி. இதுக்கு ஏது ஆன்மா?”

சூளை மூட்டிய ஒரு மணி நேரத்தில் உள்ளே டமார் என்றது. மறுநாள் ஆறியதும் திறந்தால், காளை தான் போனதுமல்லாமல் பன்னிரண்டு பூந்தொட்டிகளையும் கூட அழைத்துக்கொண்டு போயிருந்தது. மச்சினன் அக்காவைப் பார்த்தான். அக்கா கூரையைப் பார்த்தாள். நம்மவர் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கே பாவமாக இருந்தது.

எல்லாம் ஒரு நிமிடம்தான். ஒரு கொம்பைப் பொறுக்கி, சாம்பலை ஊதினார். முகம் மலர்ந்துவிட்டது.

“பாத்தியா, வழி விடல, உடைச்சுக்கிட்டுப் போயிடுச்சு. இதைவிட என்ன சாட்சி வேணும்?”

இயக்குநர் அம்மாவுக்கு அந்தச் சாட்சி போதவில்லை. பிரிவு கைமாறியது. இப்போது அவர் வாசலில் பார்வையாளர் பதிவேட்டோடு உட்கார்ந்திருக்கிறார். கையெழுத்து சாய்ந்திருந்தால் மனக்கவலையாம். ஆள் முன்னைவிடச் சந்தோஷமாக இருக்கிறார்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் துளை என்று படித்த மாத்திரத்தில், “அது காத்துக்குத்தான், எனக்கு அப்பவே தெரியும்” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னீர்களே, இதுவரை எந்தச் சூளையில் எத்தனை காளை சுட்டிருக்கிறீர்கள்?